அகல மறுக்கும் கதவு: அம்மாவுக்கு ரசம் சாதம் இறங்காத இரண்டு வருஷம்

(எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்னதையும் நடுவுல வந்த 'ம்ம்'களையும் எடுத்துட்டு, படிக்க வசதியா கொஞ்சம் சீர் செஞ்சிருக்கேன்.)

வழக்கமா இங்க டெக் பத்திப் பேசுவோம். இன்னைக்கு ஒரு குழாயைப் பத்திப் பேசப் போறேன். 25 சென்டிமீட்டர் நீளம். தொண்டைக்கும் இரைப்பைக்கும் நடுவுல இருக்கற உணவுக்குழாய்.

எங்க அம்மாவுக்கு உடம்புல ஏதோ சரியில்லைன்னு முதல்ல கண்டுபிடிச்சது டாக்டர் இல்லை, நானும் இல்லை. மயிலாப்பூர் மாட வீதி பக்கத்துல இருக்கற எங்க தையல்காரர். ஒரே வருஷத்துல மூணாவது தடவையா பழைய ரவிக்கையெல்லாம் பிடிச்சுத் தரச் சொல்லி அம்மா கொண்டுபோயிருக்காங்க. அவர் டேப் வச்சு அளந்துட்டு, தன் நோட்டுல இருந்த பழைய அளவைப் பார்த்துட்டு, "என்னம்மா, சுகர் எதுவும் இருக்கா? ஒரு தடவை பார்த்துடுங்க"ன்னு சொல்லியிருக்கார். அம்மா அதை வீட்டுல வந்து சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. நாங்களும் சிரிச்சோம். கோயில் குளத்தைச் சுத்தி நடக்கறதுக்குப் பலன் கிடைச்சிருக்குன்னு அப்பா பாராட்டு வேற.

அப்போ அம்மாவுக்கு வயசு 54. எடை 64 கிலோவுல இருந்து 53க்கு வந்திருந்துச்சு. சுகர் டெஸ்ட் நார்மல். தைராய்டு நார்மல். நார்மல்னு பேப்பர்ல வந்தா நம்ம வீடுகள்ல அதோட கேஸ் க்ளோஸ்.

ஆனா சாப்பாட்டுல அம்மாவுக்குன்னு ஒரு தனி முறை உருவாகியிருந்துச்சு. ரெண்டு வாய் சாதம், ஒரு தம்ளர் வெந்நீர். அப்புறம் எழுந்து நிக்கறது. தோளைப் பின்னால தள்ளி, நெஞ்சை நிமிர்த்தி ஒரு மூச்சு. திரும்ப உட்கார்ந்து ரெண்டு வாய். நாங்க சாப்பிட்டு கை கழுவி டிவி முன்னால உட்கார்ந்த பிறகும் அவங்க தட்டு பாதிதான் காலியாகியிருக்கும். கேட்டா, "நீங்க போங்கடா, நான் மெதுவா சாப்பிடறேன்." கடைசியில எங்களோட உட்கார்றதையே விட்டுட்டாங்க. எல்லாருக்கும் பரிமாறிட்டு அப்புறம் தனியா சாப்பிடறது. நம்ம ஊர்ல அம்மாக்கள் அப்படிச் சாப்பிட்டா யாருக்கும் சந்தேகமே வராதே. அதனாலயே இந்த நோய் எங்க வீட்டுல ரெண்டு வருஷம் ஒளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

வெளிய தெரிஞ்சது தி.நகர்ல ஒரு கல்யாணத்துல. பந்தியில உட்கார்ந்து, சாம்பார் சாதம் நாலு வாய் போனதும் அம்மா எழுந்து கை கழுவற இடத்துக்கு ஓடினாங்க. போட்ட சாதம் போட்டபடியே மேல வந்துடுச்சு. புளிப்பு இல்லை, கசப்பு இல்லை. வாந்தின்னே சொல்ல முடியாது, ஏன்னா அது வயித்துக்குப் போகவே இல்லை. இலையை அப்படியே விட்டுட்டு எழுந்து போயிட்டான்னு பெரியம்மாவுக்கு வருத்தம். அன்னைக்கு அப்புறம் அம்மா எந்தக் கல்யாணத்துலயும் சாப்பிடல. மொய் கவரைக் கொடுத்துட்டு, 'விரதம்'னு சொல்லிட்டு வந்துடுவாங்க.

இப்போ விஷயத்துக்கு வருவோம். முழுங்கறதுன்னா என்ன நடக்குது?

மேல போட்டா கீழ விழும், அவ்வளவுதானேன்னு நானும் நினைச்சிருந்தேன். இல்லை. தலைகீழா நின்னாலும் நம்மால தண்ணி முழுங்க முடியும். உணவுக்குழாயோட தசை மேல இருந்து கீழ வரைக்கும் அலை மாதிரி வரிசையா இறுகி, உணவைத் தள்ளிக்கிட்டே போகுது. அந்த அலை கீழ போய்ச் சேர எட்டு, பத்து விநாடி. குழாயும் இரைப்பையும் சேர்ற இடத்துல தசையாலான ஒரு வளையம் இருக்கு. அது எப்பவுமே மூடித்தான் இருக்கும். இல்லைன்னா இரைப்பையில இருக்கற அமிலம் மேல ஏறிடும். நாம முழுங்கின அந்த நொடியே, உணவு இன்னும் மேல இருக்கும்போதே, வளையத்துக்குத் 'திற'ன்னு தகவல் போயிடுது. அலை வந்து சேரும்போது கதவு திறந்து தயாரா இருக்கும்.

இந்தக் குழாயோட சுவருக்குள்ளயே ஒரு நரம்பு வலை இருக்கு. அதுல ரெண்டு விதமான நரம்பணுக்கள். ஒண்ணு தசையை 'இறுக்கு'ன்னு சொல்றது. இன்னொண்ணு 'தளர விடு'ன்னு சொல்றது. தளர விடச் சொல்ற அணுக்கள் அனுப்பற முக்கியமான ரசாயனம் நைட்ரிக் ஆக்சைடு. எங்க அம்மாவுக்கு வந்த நோயில இந்த ரெண்டாவது வகை அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போகுது. மூடச் சொல்ற ஆள் டியூட்டியில இருக்கார், திறக்கச் சொல்ற ஆள் வேலையை விட்டுப் போயிட்டார். அதனால கதவு திறக்கறதில்லை. மேல இருந்து தள்ளற அலையும் ஒழுங்கு கெட்டுப்போகுது.

கல்யாண மண்டபத்துல சாப்பாட்டு ஹால் கதவை நினைச்சுக்கோங்க. உள்ள இடம் காலியா இருக்கு, கதவைத் திறக்கத்தான் ஆள் இல்லை. படிக்கட்டு முழுக்க கூட்டம் சேருது. ஒரு கட்டத்துல கூட்டத்தோட அழுத்தத்துலயே கதவு ஒரு அடி விலகும், நாலு பேர் உள்ள போவாங்க, திரும்ப மூடிக்கும். அம்மா பண்ணினதும் அதேதான். வெந்நீரைக் குடிச்சு, எழுந்து நின்னு, குழாய்க்குள்ள தேங்கின உணவோட எடையால அந்தக் கதவைத் தள்ளித் திறந்திருக்காங்க. டாக்டர் யாரும் சொல்லித் தரல. பசியிலயே அந்த பிசிக்ஸைக் கத்துக்கிட்டாங்க.

இந்த நோயோட பேர் அகலேசியா. கிரேக்க வார்த்தை, தளராமை, விட்டுக்கொடுக்காமைன்னு அர்த்தம். இந்தப் பேரைப் பரப்பினவர் ஆர்தர் ஹர்ஸ்ட்ங்கற பிரிட்டிஷ் டாக்டர், 1920கள்ல. தமிழ் காதுக்கு 'அகல'ன்னு கேட்குது, இல்லையா? அகல மறுக்கறதால அகலேசியான்னு நான் அம்மாவுக்கு விளக்கினேன். மொழியியல்படி தப்பு, ஆனா அவங்களுக்குப் பேர் மறக்கல.

அரிதான நோய்தான். வருஷத்துக்கு லட்சம் பேர்ல ஏறக்குறைய ஒருத்தருக்குப் புதுசா வருது. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. பெரும்பாலும் 25லிருந்து 60 வயசுக்குள்ள, அதாவது இதைக் கேட்கற நீங்களும் அந்த வரம்புக்குள்ளதான். ஏன் வருதுன்னு முழுசா தெரியாது. ஏதோ ஒரு வைரஸுக்கு எதிரா கிளம்பின நோய் எதிர்ப்பு சக்தி, தவறிப்போய் சொந்த நரம்பணுக்களையே தாக்குதுங்கறதுதான் இப்போதைக்கு அதிகம் நம்பப்படற விளக்கம். தென் அமெரிக்காவுல ஷாகாஸ்னு ஒரு ஒட்டுண்ணி நோய், கிட்டத்தட்ட இதே சேதத்தை உண்டாக்குது. காரம் சாப்பிட்டதாலயோ, நேரம் தவறிச் சாப்பிட்டதாலயோ, கோபத்தாலயோ வர்றது இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், ரெண்டு வருஷம் அம்மா தன்னைத்தானே குத்தம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

அந்த ரெண்டு வருஷமும் என்ன ஆச்சு? முதல்ல அசிடிட்டின்னாங்க. காலையில வெறும் வயித்துல பேன்டோபிரசோல். கேட்காதப்போ டபுள் டோஸ். அம்மாவுக்கு நெஞ்செரிச்சல் இருந்தது உண்மை, அதனால டாக்டரை முழுசா குத்தம் சொல்லவும் முடியாது. அகலேசியாவுல குழாய்க்குள்ள தேங்கி நிக்கற சோறு புளிச்சுப்போகும், அதுவும் எரியும். அமிலத்தைக் குறைக்கற மாத்திரை அதுக்கு என்ன பண்ணும்? அப்புறம் ராத்திரி இருமல். படுத்தா சாப்பிட்டது மேல வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போயிருக்கு. காலையில தலையணை உறை ஈரமா இருக்கும். அதுக்கு ஆஸ்துமான்னு ஒரு இன்ஹேலர். நடுவுல ஒரு எண்டோஸ்கோப்பியும் எடுத்தாங்க, 'பெரிசா ஒண்ணுமில்லை'ன்னு வந்துச்சு. ஆரம்ப கட்டத்துல அப்படி வரலாம். கேமரா குழாயோட உள்சுவரைப் பார்க்கும், நரம்பு செத்ததை எப்படிப் பார்க்கும்? கடைசியில ஒருத்தர், 'பையன் கல்யாணத்தைப் பத்தி ரொம்ப யோசிக்கறீங்களா?'ன்னு கேட்டு தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். [சிரிப்பு] அதாவது ரூட் காஸ் நான்.

வேலையில ஒரு சர்வர் விழுந்தா நான் முதல்ல பார்க்கறது லாக். என் வீட்டுல தினமும் மூணு வேளை கண்ணு முன்னால லாக் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் போனைப் பார்த்துக்கிட்டு சாப்பிட்டேன்.

திருப்பம் வந்தது அடையாறுல ஒரு குடல் நோய் நிபுணர்கிட்ட. ரிப்போர்ட் ஃபைலைத் திறக்கறதுக்கு முன்னாலயே அவர் கேட்ட கேள்வி: "சாதம் மட்டும்தான் நிக்குதா? இல்லை, தண்ணி குடிச்சாலும் நிக்குதா?" ரெண்டுமேதான், ஆரம்பத்துல இருந்தேன்னு அம்மா சொன்னாங்க. மோர் குடிச்சாலும் சில நாள் நெஞ்சுல நிக்கும்.

இந்த ஒரு கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம்? குழாய்க்குள்ள ஒரு கட்டியோ தழும்போ வளர்ந்து பாதை சுருங்கினா, முதல்ல இட்லி, சப்பாத்தி மாதிரி கெட்டியானது நிக்கும். பாதை இன்னும் சுருங்கினப்புறம்தான் கஞ்சி நிக்கும், கடைசியில தண்ணி. கெட்டியானதும் திரவமும் ஆரம்பத்துல இருந்தே சேர்ந்து நின்னா, பிரச்சினை பாதையோட அகலத்துல இல்லை, அதை இயக்கறதுல இருக்குன்னு சந்தேகப்படலாம். இது நூறு சதவீத விதி இல்லை. புற்றுநோயே சில சமயம் அகலேசியா வேஷம் போடும். வயசானவங்களுக்கு, சில மாசத்துக்குள்ள, வேகமா எடை குறைஞ்சுக்கிட்டு வந்தா அந்தச் சந்தேகம் அதிகம். அதனால எண்டோஸ்கோப்பியைத் தவிர்க்க முடியாது. அம்மாவுக்குத் திரும்ப எடுத்தாங்க. இந்த முறை குழாய்ல முந்தின ராத்திரி சாதம் இருந்துச்சு. கேமரா அந்த வளையத்தைத் தாண்டும்போது ஒரு அழுத்தம் கொடுத்துத்தான் போக வேண்டியிருந்துச்சு.

அடுத்தது பேரியம். சுண்ணாம்பைக் கரைச்ச மாதிரி ஒரு வெள்ளைத் திரவத்தை நின்னுக்கிட்டே குடிக்கணும். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், அஞ்சு நிமிஷம்னு எக்ஸ்ரே எடுப்பாங்க. சாதாரணமா ஒரு நிமிஷத்துலயே பெரும்பாலும் இறங்கிடணும். அம்மாவோட அஞ்சாவது நிமிஷப் படத்துல குழாய் வெள்ளையா, அகலமா நிறைஞ்சு நிக்குது. கீழ வரும்போது மட்டும் சட்டுனு கூராகி ஒரு கோடாகுது. பறவையோட அலகு மாதிரின்னு புத்தகத்துல போடுவாங்க. எனக்குக் கபாலி கோயில் கிளிகூண்டு ஞாபகம் வரல, மை ஊத்தற புனல்தான் ஞாபகம் வந்துச்சு.

நோயை உறுதி செய்யறது மூணாவது டெஸ்ட், ஹை ரெசல்யூஷன் மேனோமெட்ரி. மூக்கு வழியா ஒரு மெல்லிய குழாயை இரைப்பை வரைக்கும் விடுவாங்க. அதுல ஏறக்குறைய ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு பிரஷர் சென்சார், பொதுவா 36. மயக்க மருந்து கிடையாது, ஏன்னா நீங்க முழுங்கணும். பத்து தடவை, ஒவ்வொரு தடவையும் அஞ்சு மில்லி தண்ணி. உண்மையைச் சொல்லணும்னா குழாய் மூக்கைத் தாண்டற அந்த அரை நிமிஷம் கொடுமை, அம்மா கண்ணுல தண்ணி கொட்டுச்சு. அதுக்கப்புறம் அரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடுச்சு. திரையில வர்றது எனக்கு ரொம்பப் பழக்கமான விஷயம்: ஒரு ஹீட் மேப். மேல இருந்து கீழ நீளம், இடமிருந்து வலம் நேரம், நிறம் அழுத்தம். ஆரோக்கியமான ஒருத்தர் முழுங்கினா சாய்வா ஒரு வண்ணக்கோடு இறங்கும், அதுக்கு முன்னாலயே கீழ இருக்கற வளையம் நீலமாகி வழிவிடும். அம்மாவோட படத்துல சாய்கோடே இல்லை. குழாய் முழுக்க ஒரே நேரத்துல அழுத்தம் ஏறி இறங்குது. கீழ வளையம் பத்து தடவையும் வழிவிடல. வளையம் தளரும்போது மிச்சம் இருக்கற அழுத்தத்தை ஒரு எண்ணா கணக்கிடறாங்க. மெஷினைப் பொறுத்து மாறும், பரவலா இருக்கற ஒரு வகையில 15 மில்லிமீட்டருக்கு மேல போனா தப்பு. அம்மாவுக்கு 31.

இந்தப் படத்தை வச்சு அகலேசியாவை மூணு வகையா பிரிக்கறாங்க. சிகாகோ வகைப்பாடுன்னு பேர், 2021ல அதோட நாலாவது பதிப்பு வந்துச்சு. முதல் வகையில குழாய் அசைவே இல்லாம துவண்டு கிடக்கும். ரெண்டாவதுல அலை இல்லாட்டியும் குழாய் முழுக்க சேர்ந்து அழுத்தம் ஏறும். மூணாவதுல குழாய் வெடவெடன்னு பிடிச்சுக்கும், நெஞ்சு வலி வரும். ரெண்டாவது வகைதான் சிகிச்சைக்கு நல்லாக் கேட்கும். அம்மாவுக்கு ரெண்டு. டாக்டர் அதைச் சொன்னப்போ அம்மா என்கிட்ட மெதுவா, "பாஸ் ஆயிட்டேனாடா?"ன்னு கேட்டாங்க.

ஒரு சின்ன எச்சரிக்கை. டிரமடால் மாதிரி ஓபியாய்டு வகை வலி மாத்திரைகளை நாள்பட எடுத்தாலும் மேனோமெட்ரியில இதே மாதிரி படம் வரலாம். என்னென்ன மாத்திரை சாப்பிடறோம்னு முன்னாலயே சொல்லிடணும்.

சரி, சிகிச்சை. முதல்ல கசப்பான விஷயம்: செத்த நரம்பணுக்களைத் திரும்பக் கொண்டுவர எந்த வைத்தியத்துலயும் வழி இல்லை. எல்லா சிகிச்சையும் கதவோட கீலைத் தளர்த்தற வேலைதான். 1674ல தாமஸ் வில்லிஸ்னு ஒரு ஆங்கிலேய டாக்டர் எழுதி வச்சிருக்கார். திமிங்கல எலும்புல ஒரு குச்சி செஞ்சு, நுனியில ஸ்பாஞ்ச் கட்டி, நோயாளியே அதைத் தொண்டைக்குள்ள விட்டு ஒவ்வொரு வேளையும் சோத்தைக் கீழ தள்ளிவிடணும். அந்த ஆள் பல வருஷம் அப்படியே சாப்பிட்டு உயிர் வாழ்ந்திருக்கார். 350 வருஷத்துல நாம மாத்தினது குச்சியைத்தான், தத்துவம் அப்படியே இருக்கு.

மாத்திரைகள், அதாவது ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கற நிஃபெடிபைன் போன்றவை, கொஞ்ச நேரம் தளர்த்தும், தலைவலி கொடுக்கும், பெரிய பலன் இல்லை. போடாக்ஸ் ஊசி இருக்கு. முகச் சுருக்கத்துக்குப் போடற அதே போடாக்ஸ்தான். எண்டோஸ்கோப்பி வழியா அந்த வளையத்துல போடுவாங்க. ஆறு மாசம், ஒரு வருஷம் தாங்கும், அப்புறம் பழைய கதை. ஆபரேஷன் தாங்காத வயசானவங்களுக்கு நல்ல வழி.

நிஜமான போட்டி மூணு பேருக்கு நடுவுல. ஒண்ணு பலூன். 30 மில்லிமீட்டர் அகலமான பலூனை வளையத்துக்குள்ள வச்சு ஊதி, தசை நாரைக் கிழிக்கறது. தேவைப்பட்டா 35, 40. ஆபரேஷன் இல்லை, செலவும் குறைவு. ஆனா குழாயே கிழிஞ்சுபோற ஆபத்து சின்னதா இருக்கு, பலருக்குத் திரும்பத் திரும்ப ஊத வேண்டியிருக்கு. ரெண்டாவது ஹெல்லர் ஆபரேஷன். எர்ன்ஸ்ட் ஹெல்லர் 1913ல ஜெர்மனியில லைப்ஸிக் நகரத்துல முதல்ல செஞ்சது. வெளியில இருந்து அந்த வளையத் தசையை நீளவாக்குல வெட்டி விடறது. இப்போ லேப்ராஸ்கோப்பியில செய்றாங்க. அமிலம் மேல ஏறாம இருக்க, இரைப்பையோட மேல்பகுதியை மடிச்சு வெட்டின இடத்து மேல தைச்சுடறாங்க.

மூணாவது போயம். கவிதை இல்லை, சிகிச்சையோட சுருக்கப் பேர். 2008ல ஜப்பான்ல யோகோஹாமாவுல ஹருஹிரோ இனோவே முதல்ல மனுஷங்களுக்குச் செஞ்சார். வெளிய ஒரு கீறல்கூட இல்லை. முழு மயக்கத்துல, வாய் வழியா போன எண்டோஸ்கோப், குழாயோட உள்தோல்ல சின்னதா ஒரு வாசல் வெட்டும். அந்த வாசல் வழியா தோலுக்கும் தசைக்கும் நடுவுல ஒரு சுரங்கம் தோண்டிக்கிட்டே கீழ போகும். இரைப்பைக்குள்ள ரெண்டு மூணு சென்டிமீட்டர் தாண்டி, அங்க இருந்து தசையை வெட்டும். கடைசியில வாசலை உலோகக் கிளிப்புகளால மூடிட்டு வெளிய வந்துடும். எனக்கு இதுல பிடிச்சது அந்தச் சுரங்க யோசனைதான். வெட்டின தசை ஒரு இடத்துல, வாசல் வேற இடத்துல. நடுவுல தோல் முழுசா இருக்கறதால சாப்பாடு கசிஞ்சு நெஞ்சுக்குள்ள போகாது.

இந்தியாவுல இதை ஒரு பெரிய எண்ணிக்கைக்குக் கொண்டுபோனது ஹைதராபாத்துல டாக்டர் நாகேஸ்வர ரெட்டி நிறுவின ஏஷியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் கேஸ்ட்ரோஎன்டராலஜி. 2017லயே 400க்கும் மேற்பட்ட நோயாளிகளோட முடிவுகளை வெளியிட்டாங்க. இப்போ சென்னையிலயும் செய்றாங்க. தனியார்ல மட்டும்தான் வழின்னு நினைச்சுடாதீங்க. சென்ட்ரல் எதிர்ல இருக்கற ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலயும், ஸ்டான்லியிலயும் குடல் நோய்க்கும் குடல் அறுவை சிகிச்சைக்கும் தனித்தனித் துறைகள் இருக்கு. சென்னை மருத்துவக் கல்லூரியில அந்த அறுவை சிகிச்சைத் துறையை வளர்த்தெடுத்த டாக்டர் என். ரங்கபாஷ்யம் இந்தியா முழுக்கத் தெரிஞ்ச பேர்.

எது நல்லது? நான் வழக்கம்போல ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். 2011ல ஐரோப்பாவுல 201 பேரை வச்சு பலூனையும் ஹெல்லரையும் ஒப்பிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு பலூன் 86 சதவீதம், ஹெல்லர் 90. கிட்டத்தட்ட சமம். 2019ல பலூனையும் போயத்தையும் ஒப்பிட்டப்போ பலூன் 54, போயம் 92. என்னடா, அதே பலூன் எட்டு வருஷத்துல 86லிருந்து 54க்கு விழுந்துடுச்சான்னு குழம்பிட்டேன். விஷயம் என்னன்னா, முதல் ஆய்வுல அறிகுறி திரும்ப வந்தா மறுபடி ஊதிக்கலாம், அதுவும் வெற்றிக் கணக்குதான். ரெண்டாவதுல அந்தச் சலுகை ரொம்பக் குறைவு. சதவீதத்தைப் பார்க்கறதுக்கு முன்னால 'வெற்றி'ன்னு எதைச் சொன்னாங்கன்னு பாருங்க. அதே 2019ல ஹெல்லரையும் போயத்தையும் ஒப்பிட்டாங்க: 81.7க்கு 83. சமம். ஆனா ரெண்டு வருஷத்துல எண்டோஸ்கோப்பி பண்ணினப்போ, அமிலத்தால குழாய் புண்ணாகியிருந்தது போயத்துல 44 சதவீதம் பேருக்கு, ஹெல்லர்ல 29. காரணம் சுலபம்: போயத்துல கதவைத் திறந்து விடறாங்க, மடிச்சுத் தைக்கறது இல்லை.

இதைத்தான் டாக்டர் அம்மாகிட்ட நேராவே சொன்னார். "போயம் பண்ணினா சாப்பாடு இறங்கும், அமிலம் ஏறலாம். மாத்திரை தேவைப்படும்." அம்மா ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. "தூக்கத்துல சோறு மூக்குல வர்றதுக்கு மாத்திரை பரவாயில்லை டாக்டர்." என் ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு அங்க வேலையே இல்லாம போச்சு. மூணாவது வகை அகலேசியாவா இருந்தா யோசனையே வேற. வெட்டு மேல வரைக்கும் நீளமா போகணும்ங்கறதால அங்க போயத்துக்குத் தெளிவான அனுகூலம் இருக்கு. ரெண்டாவது வகைக்கு மூணுமே சரி. உங்க ஊர்ல எந்த டாக்டர் எதை அடிக்கடி செய்றாரோ, அதுக்கும் எடை கொடுங்க. 'இதுவரைக்கும் எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க?'ன்னு கேட்கறது மரியாதைக் குறைவு இல்லை.

ஆபரேஷனுக்கு முன்னால ரெண்டு நாள் வெறும் திரவ உணவு. இதை ஏமாத்தக் கூடாது. குழாய்ல சோறு தேங்கியிருக்கும்போது மயக்கம் கொடுத்தா அது நுரையீரலுக்குள்ள போயிடும். அகலேசியா இருக்கறவங்க பல் ஆபரேஷனோ முட்டி ஆபரேஷனோ, எதுக்குப் போனாலும் மயக்க மருந்து டாக்டர்கிட்ட இதைச் சொல்லியே ஆகணும். வழக்கமான எட்டு மணி நேரப் பட்டினி இவங்களுக்குப் போதாது. மறுநாள் ஒரு எக்ஸ்ரே எடுத்து கசிவு இல்லைன்னு பார்த்துட்டு தண்ணி கொடுத்தாங்க. அம்மா அரை தம்ளர் தண்ணியைக் குடிச்சுட்டு, நெஞ்சுல கையை வச்சுக்கிட்டு அப்படியே காத்திருந்தாங்க, வழக்கம்போல அது நிக்கும்னு. நிக்கல. "எங்கடா போச்சு?"ன்னாங்க.

எக்கார்ட் ஸ்கோர்னு ஒண்ணு இருக்கு. நாலு கேள்வி: முழுங்கறப்போ அடைக்குதா, சாப்பிட்டது மேல வருதா, நெஞ்சு வலிக்குதா, எடை குறைஞ்சிருக்கா. ஒவ்வொண்ணுக்கும் பூஜ்யத்துல இருந்து மூணு. மொத்தம் 12. மூணுக்கு மேல இருந்தா நோய் கட்டுப்பாட்டுல இல்லைன்னு அர்த்தம். முதல் மூணுக்கும் 'எப்பவாவது' ஒண்ணு, 'தினமும்' ரெண்டு, 'ஒவ்வொரு வேளையும்' மூணு. எடை அஞ்சு கிலோவுக்குள்ள ஒண்ணு, பத்துக்குள்ள ரெண்டு, அதுக்கு மேல மூணு. அம்மாவுக்கு முன்னால 9. இப்போ 2.

ரெண்டுன்னா பூஜ்யம் இல்லை. அலை திரும்ப வரல, கதவு மட்டும்தான் தளர்ந்திருக்கு. இன்னமும் மென்னு, மெதுவா, நிமிர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிடணும். ராத்திரி சாப்பாடு ஏழு மணிக்கு முன்னால, கட்டில்ல தலைப்பக்கம் ரெண்டு செங்கல் உயரம். எப்பவாவது நெஞ்சு பிடிக்கும். பல வருஷம் கழிச்சு சிலருக்கு அடைப்பு திரும்ப வரும், அப்போ பலூனோ வேற எதுவோ பண்ண வேண்டியிருக்கும். உணவுக்குழாய்ப் புற்றுநோய் வாய்ப்பும் மத்தவங்களைவிட இவங்களுக்குக் கூடுதல், அதனால டாக்டரோட தொடர்பை விட்டுடக் கூடாது. அப்புறம் தினமும் காலையில வெறும் வயித்துல அம்மா ஒரு மாத்திரை போட்டுக்கறாங்க. பேன்டோபிரசோல். ரெண்டு வருஷம் தப்பான காரணத்துக்குச் சாப்பிட்ட அதே மாத்திரை, இப்போ சரியான காரணத்துக்கு.

எபிசோடுக்கு முன்னால இன்ஸ்டாவுல கேள்வி கேட்டிருந்தேன். நிறைய பேர் கேட்டது: 'எனக்கும் சில சமயம் சப்பாத்தி தொண்டையில நிக்குது, அதுவும் இதுதானா?' பெரும்பாலும் இல்லை. லட்சத்துல ஒருத்தர்னு சொன்னேனே. அவசரமா முழுங்கறது, அமிலத்தால குழாய் சுருங்கறது, அலர்ஜி சம்பந்தமான ஒரு வகை வீக்கம்னு வேற காரணங்கள்தான் அதிகம். அந்த அலர்ஜி வகை இளைஞர்களுக்குத்தான் நிறைய வருது. ஆனா சில வாரத்துக்கு மேல தொடர்ந்தா, எடை குறைஞ்சா, படுத்தா சாப்பிட்டது மேல வந்தா, இருமி ராத்திரி எழுந்தா, அசிடிட்டி மாத்திரை ரெண்டு மாசம் போட்டும் மாற்றம் இல்லைன்னா, குடல் நோய் நிபுணரைப் பாருங்க. சாப்பிட்டது சிக்கி எச்சில்கூட முழுங்க முடியலைன்னா காத்திருக்காதீங்க, நேரா எமர்ஜென்சிக்குப் போங்க.

போறப்போ 'நெஞ்சு எரியுது'ன்னு மட்டும் சொன்னா எரிச்சலுக்குத்தான் மருந்து கிடைக்கும். ஒரு வாரம் எழுதி எடுத்துட்டுப் போங்க: எது நின்னுச்சு, தண்ணியும் நின்னுச்சா, எவ்வளவு நேரம் கழிச்சு மேல வந்துச்சு, வந்தது புளிச்சுதா இல்லை போட்டபடியே வந்துச்சா, எடை என்ன. வீட்டுல யாராவது சாப்பாட்டுக்கு நடுவுல எழுந்து நின்னு தண்ணி குடிக்கறாங்கன்னா, அதையும் எழுதுங்க. அவங்களா சொல்ல மாட்டாங்க.